ஜோசி வேல்ஸிடம் போர் முடிந்ததை யார் சொல்வது?

கலப்பையோடு தொடங்குகிறது இந்தப் படம். மிசௌரி மாநிலத்தின் எல்லைப்புறத்தில் ஒருவன் நிலத்தை உழுதுகொண்டிருக்கிறான். கூடவே அவனுடைய சின்ன மகன். வீட்டிலிருந்து அம்மா கூப்பிட, பையன் ஓடுகிறான். சற்று நேரத்தில் குளம்புச் சத்தம் கேட்கிறது, அப்புறம் மரங்களுக்கு மேலே புகை. அவன் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் வீடு எரிகிறது. மனைவியை இழுத்துக்கொண்டு போகிறார்கள். தடுக்கப் போனவன் முகத்தில் வாள்வெட்டு விழுகிறது. நினைவு திரும்பும்போது எல்லாம் முடிந்திருக்கிறது. மகனின் உடலைக் கோணியில் வைத்து இழுத்துக்கொண்டு போகிறான். வழியில் அந்தச் சின்னக் கை வெளியே சரிந்து விழுகிறது. அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டு மறுபடி இழுக்கிறான்.

1976ல் வெளிவந்த ‘தி அவுட்லா ஜோசி வேல்ஸ்’ படத்தின் முதல் சில நிமிடங்கள் இவை. கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்தார், இயக்கினார். அந்தச் சின்னப் பையனாக வந்தது அவருடைய சொந்த மகன் கைல். லயன், முத்து காமிக்ஸில் டெக்ஸ் வில்லரையும் கேப்டன் டைகரையும் படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த உலகம் பழகியதுதான்: உள்நாட்டுப் போர் முடிந்த அமெரிக்கா, ஊருக்குத் திரும்ப வழியில்லாத சிப்பாய்கள், தலைக்கு விலை வைத்த சுவரொட்டிகள். ஆனால் அந்தச் சிப்பாய்கள் எங்கிருந்து வந்தார்கள், ஏன் அவர்களால் துப்பாக்கியைக் கீழே வைக்க முடியவில்லை என்பது காமிக்ஸில் அதிகம் வராது. இந்தப் படத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள அந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும்.

பழிவாங்கும் கதை என்றுதான் இந்தப் படத்தைச் சொல்வார்கள். எனக்கு அது பாதி உண்மையாகத்தான் படுகிறது. படத்தை மூன்று நான்கு முறை பார்த்த பிறகு மனதில் நிற்பது பழி தீர்ந்த இடம் கிடையாது. போர் முடிந்துவிட்டது என்று ஊருக்கெல்லாம் தெரிந்த பிறகும், ஒரு மனிதனுக்கு அது எப்போது, யார் வாயால் முடிகிறது என்பதுதான் நிற்கிறது. முழுப் படமும் அதற்காக எடுக்கப்பட்டது என்றே நினைக்கிறேன்.

வரலாற்றுக்குப் போவோம். 1854ல் அமெரிக்க காங்கிரஸ் கேன்சஸ்-நெப்ராஸ்கா சட்டத்தைக் கொண்டுவந்தது. புதிதாகக் குடியேற்றம் நடக்கும் கேன்சஸில் அடிமைமுறை இருக்கலாமா கூடாதா என்பதைக் குடியேறுகிறவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்துகொள்ளட்டும் என்றது அந்தச் சட்டம். கேட்க நியாயமாகத் தோன்றும். நடந்தது வேறு. பக்கத்திலிருந்த மிசௌரியில் அடிமைமுறை இருந்தது. அங்கிருந்து ஆட்கள் கூட்டங்கூட்டமாக எல்லை தாண்டி வந்து ஓட்டுப் போட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். வடகிழக்கு மாநிலங்களிலிருந்து அடிமைமுறையை எதிர்த்தவர்கள் கேன்சஸுக்கு வந்து குடியேறி லாரன்ஸ் என்ற ஊரை உண்டாக்கினார்கள். 1856 மே மாதம் மிசௌரிக்காரர்கள் சேர்ந்த ஒரு கும்பல் அந்த ஊரைச் சூறையாடியது. சில நாட்களுக்குள் அடிமைமுறையைத் தீவிரமாக எதிர்த்த ஜான் பிரவுனும் அவருடைய ஆட்களும் அடிமைமுறை ஆதரவாளர்கள் 5 பேரை இரவில் வீட்டிலிருந்து வெளியே இழுத்து வாளால் வெட்டினார்கள். நாட்டின் மற்ற பகுதிகளுக்குப் போர் 1861ல் வந்தது. இந்த எல்லைக்கு அது பல வருடம் முன்பே வந்துவிட்டது.

தென்மாநிலங்கள் பிரிந்துபோனபோதும் மிசௌரி கடைசிவரை ஒன்றியத்தை, அதாவது வடக்கின் பக்கம் நின்ற அமெரிக்க அரசை, விட்டுப் பிரியவில்லை. ஆனால் அதன் மக்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். இங்கே பெரிய படைகள் மோதிய சண்டைகள் குறைவு. பக்கத்து வீட்டுக்காரன் பக்கத்து வீட்டை எரித்த சண்டைகள்தான் அதிகம். தெற்குப் பக்கம் நின்று காட்டுக்குள்ளிருந்து தாக்கிய கெரில்லாக்களுக்கு புஷ்வாக்கர் என்று பெயர். கேன்சஸ் பக்கத்திலிருந்து எல்லை தாண்டி வந்து கொள்ளையடித்தவர்களுக்கு ஜேஹாக்கர். அவர்களிலேயே சிவப்புத் தோலைக் காலுறையாகக் கட்டிக்கொண்டு வந்த ஒரு கூட்டம் ரெட்லெக்ஸ். ஜோசியின் வீட்டை எரிப்பது அவர்கள்தான். அவர்களின் தலைவனாகப் படத்தில் வரும் டெரில் கற்பனைப் பாத்திரம். ஆனால் படத்தில் வரும் செனட்டர் லேன் நிஜ மனிதர். கேன்சஸின் செனட்டராக இருந்துகொண்டே படை நடத்திய ஜேம்ஸ் லேன், 1861 செப்டம்பரில் மிசௌரியின் ஓசியோலா நகரத்தைக் கொள்ளையடித்துக் கொளுத்தினார்.

பழிக்குப் பழி எப்படி வட்டமாகச் சுற்றியது என்று பார்க்க 1863 ஆகஸ்ட் மாதம் ஒன்றே போதும். கெரில்லாக்களுக்கு உணவும் தகவலும் கொடுத்தார்கள் என்று அவர்களின் அக்கா தங்கைகளைப் பிடித்து கேன்சஸ் சிட்டியில் ஒரு கட்டடத்தில் அடைத்து வைத்திருந்தது ஒன்றிய ராணுவம். அந்தக் கட்டடம் இடிந்து விழுந்தது. இறந்த பெண்களில் ஒருத்தி கெரில்லா பில் ஆண்டர்சனின் தங்கை. பிற்பாடு ‘பிளடி பில்’ என்று நாடெங்கும் பெயர் எடுத்த அதே ஆண்டர்சன். ஒரு வாரம் கழித்து, ஆகஸ்ட் 21 விடியற்காலையில், கெரில்லாத் தலைவன் வில்லியம் குவான்ட்ரில் சுமார் 400 பேரோடு லாரன்ஸ் நகருக்குள் புகுந்தான். ஆயுதமில்லாத ஆண்களும் சிறுவர்களுமாக 150 பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். முக்கியமாகத் தேடப்பட்ட லேன் இரவு உடுப்போடு சோளக்காட்டுக்குள் ஓடித் தப்பினார். நான்கு நாள் கழித்து ஒன்றிய ராணுவத்தின் ஜெனரல் தாமஸ் யூவிங் 11ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தார். மிசௌரியின் எல்லை மாவட்டங்கள் மூன்றிலும் நான்காவதின் ஒரு பகுதியிலும் கிராமப்புறத்தில் வாழ்ந்த அத்தனை பேரும் 15 நாளில் வெளியேற வேண்டும். வீடுகள் கொளுத்தப்பட்டன. புகைக்கூண்டுகள் மட்டும் நட்டுக்கொண்டு நின்ற அந்தப் பகுதியை ரொம்ப காலம் ‘எரிந்த மாவட்டம்’ என்றே அழைத்தார்கள்.

ஜோசி இந்த வட்டத்துக்குள் வந்து விழுகிற ஒரு ஆள். எரிந்த வீட்டின் சாம்பலைக் கிளறி ஒரு கைத்துப்பாக்கியை எடுக்கிறான். வேலிக்கம்பை வைத்துச் சுட்டுப் பழகுகிறான். அந்தப் பக்கம் வரும் ஆண்டர்சனின் கூட்டம் அவனைச் சேர்த்துக்கொள்கிறது. அதற்கு மேல் போர் முழுவதையும் பெயர்கள் ஓடும் நேரத்தில், நிறம் வற்றிய காட்சிகளாகக் காட்டி முடித்துவிடுகிறது படம். குதிரைகள், புகை, விழும் மனிதர்கள். அவன் பழிவாங்கப் புறப்பட்டான், நான்கு வருடம் கொன்றான், எதுவும் தீரவில்லை. மற்றப் படங்கள் முழுநீளம் எடுத்துக்கொள்ளும் விஷயம் இங்கே டைட்டிலோடு போய்விடுகிறது. கதை அதற்கு அப்புறம்தான் தொடங்குகிறது.

போரில் தெற்கு தோற்றுவிட்டது. மிச்சமிருக்கும் கெரில்லாக்களைச் சரணடையச் சொல்கிறான் அவர்களின் தலைவன் ஃபிளெட்சர். ஒன்றியத்துக்கு விசுவாசமாக இருப்போம் என்று உறுதிமொழி எடுத்துக்கொண்டால் மன்னிப்பு, வீட்டுக்குப் போகலாம். எல்லாரும் போகிறார்கள். ஜோசி மட்டும் போகவில்லை. முகாமில் கையை உயர்த்தி உறுதிமொழி சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டியில் மறைத்து வைத்திருந்த கேட்லிங் துப்பாக்கி அவர்களைச் சரித்துத் தள்ளுகிறது. இவர்களை மரியாதையாக நடத்துவதாக வாக்குக் கொடுத்தீர்களே என்று ஃபிளெட்சர் கத்துகிறான். மரியாதையாகச் சாப்பாடு போட்டோம், மரியாதையாகச் சுட்டோம் என்கிறார் செனட்டர்.

இப்படி ஒரு படுகொலை வரலாற்றில் நடக்கவில்லை. 1865 வசந்த காலத்திலும் கோடையிலும் கெரில்லாக்கள் பலர் சரணடைந்தார்கள், பெரும்பாலானவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் கற்பனை வேரில்லாமல் முளைத்துவிடவில்லை. பின்னாளில் கொள்ளைக்காரனாகப் பெயர் எடுத்த ஜெஸ்ஸி ஜேம்ஸ் 16 வயதில் ஆண்டர்சனின் கூட்டத்தில் சேர்ந்த பையன். 1865 மே மாதம் மிசௌரியின் லெக்சிங்டன் ஊருக்கு அருகே அவன் நெஞ்சில் குண்டு பாய்ந்தது. சரணடையப் போகும்போது சுட்டார்கள் என்று அவனுடைய ஆட்கள் சொன்னார்கள். அந்தக் கதை மிசௌரியில் ரொம்ப காலம் ஓடியது. அதே வருடம் மிசௌரியின் புது அரசியல் சட்டம், தென்பக்கத்துக்கு எந்த வகையிலும் உதவவில்லை என்று சத்தியம் செய்தவர்களே ஓட்டுப் போடலாம், பதவி வகிக்கலாம், பள்ளியில் பாடம் நடத்தலாம், தேவாலயத்தில் பிரசங்கம் செய்யலாம் என்றது. படத்தில் உறுதிமொழி சொன்னவர்களைக் கொல்கிறார்கள். நிஜத்தில் உறுதிமொழி சொல்ல முடியாதவர்களை வெளியே நிறுத்தினார்கள்.

வெளியே நின்ற சிலர் என்ன ஆனார்கள் என்பதும் தெரிந்ததே. 1866 பிப்ரவரியில் மிசௌரியின் லிபர்ட்டி நகரில் பட்டப்பகலில் ஒரு வங்கி கொள்ளை போனது. பழைய கெரில்லாக்களின் வேலை என்றார்கள். 1869 டிசம்பரில் காலட்டின் என்ற ஊரில் வங்கிக்குள் வைத்து ஒரு மனிதரைச் சுட்டுக் கொன்றார்கள். ஐந்து வருடத்துக்கு முன்னால் ஆண்டர்சனைக் கொன்ற படைக்குத் தலைமை தாங்கிய சாமுவேல் காக்ஸ் என்று நினைத்துச் சுட்டது. இறந்தவர் வேறு ஆள். போருக்குப் பிந்தைய பழி என்பது நிஜ வாழ்க்கையில் இப்படித்தான் இருந்தது. தவறான ஆளைக் கொன்றுவிட்டுப் பணத்தையும் எடுத்துக்கொண்டு போனது. ஜெஸ்ஸி ஜேம்ஸ் என்ற பெயர் செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது அதன் பிறகுதான்.

ஜோசி அந்த வழியில் போகவில்லை. படுகொலையில் தப்பிய ஜேமி என்ற காயம்பட்ட பையனைத் தூக்கிக்கொண்டு தெற்கே ஓடுகிறான். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்த இடத்திலிருந்து படத்தின் இறுதிவரை ஜோசி யாரையும் தேடிப் போவதில்லை. டெரில்தான் அவனைத் துரத்துகிறான். தலைக்கு வைத்த விலைக்காக வந்த வேட்டைக்காரர்களும் துரத்துகிறார்கள். வேறு வழியில்லாமல் ஃபிளெட்சரும் அந்தக் கூட்டத்தோடு வருகிறான். பழி வாங்க வேண்டியவன் ஓடுகிறான், குற்றம் செய்தவன் விரட்டுகிறான். உயிரோடு ஒருத்தன் மிச்சமிருக்கும் வரை டெரிலுக்குத் தூக்கம் வராது. கேன்சஸ் எல்லையில் பத்து வருடம் நடந்தது இதுதான்: ஒவ்வொரு பக்கமும் எதிர்ப்பக்கத்தில் தப்பிய ஒருவனை நினைத்துப் பயந்தது.

ஒரு ஆற்றங்கரையில் படகுக்காரர் ஒருவர் வருகிறார். ஏறுகிறவர் வடக்குக்காரர் என்றால் வடக்கின் பாட்டு, தெற்குக்காரர் என்றால் தெற்கின் பாட்டு, எது வேண்டுமானாலும் பாடத் தயார். சிரிக்க வைக்கும் காட்சிதான், ஆனால் எல்லைப்புறத்தில் பிழைத்தவர்கள் பலர் அப்படித்தான் பிழைத்தார்கள் என்பதும் அதில் இருக்கிறது.

துப்பாக்கிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் படத்தின் உச்சக்காட்சி அதில்தான் தொங்குகிறது. ஜோசியின் உடம்பில் ஏன் இத்தனை கைத்துப்பாக்கிகள் என்று கேட்கலாம். அந்தக் காலத்து ரிவால்வரில் இன்றைய தோட்டா கிடையாது. ஒவ்வொரு அறையிலும் வெடிமருந்தைக் கொட்ட வேண்டும், ஈயக் குண்டை வைத்து நெம்பி இறுக்க வேண்டும், பின்பக்கம் சின்ன செப்புத் தொப்பியைப் பொருத்த வேண்டும். ஆறு முறை சுட்டால் குதிரை மேல் உட்கார்ந்து மறுபடி நிரப்புவது நடக்காத காரியம். அதனால் மிசௌரி கெரில்லாக்கள் ஆளுக்கு நான்கு, ஐந்து ரிவால்வர்கள் வைத்திருந்தார்கள். வீட்டுப் பெண்கள் பூவேலை செய்து தைத்துக் கொடுத்த, ஆழமான பைகள் வைத்த சட்டைகளைப் போட்டுக்கொண்டார்கள். ராணுவத்திடம் இருந்த ஒற்றைக் குண்டு நீளத் துப்பாக்கிகளை அவர்கள் நெருங்கி வந்து தோற்கடித்தது இந்த வேகத்தால்தான். ஆனால் எத்தனை வைத்திருந்தாலும் எண்ணிக்கை உண்டு. படம் அந்த எண்ணிக்கையை மறப்பதில்லை.

ஜேமி வழியில் இறந்துபோகிறான். இந்தியர்கள் என்று அழைக்கப்பட்ட அமெரிக்கப் பழங்குடிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட நிலத்தில் ஜோசி தனியாகிறான். அங்கேதான் லோன் வேட்டி வருகிறார். செரோக்கி இனத்துப் பெரியவர், நீளக் கோட்டும் உயரமான தொப்பியும் போட்டவர். அந்தப் பெயர் சும்மா வைத்ததில்லை. ஸ்டாண்ட் வேட்டி என்ற செரோக்கித் தலைவர் தென்படையில் ஜெனரலாக இருந்தார். 1865 ஜூன் 23 அன்று அவர் சரணடைந்தார், தென்படை ஜெனரல்களில் கடைசியாக. 1838, 39ல் சுமார் 16,000 செரோக்கிகளை அவர்களின் சொந்த நிலத்திலிருந்து மேற்கே துரத்தினார்கள். வழியிலும் முகாம்களிலும் ஏறக்குறைய 4,000 பேர் இறந்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. ‘கண்ணீர்ப் பாதை’ என்று பெயர். லோன் வேட்டியின் மனைவியும் இரண்டு மகன்களும் அதில் போனவர்கள். வாஷிங்டனுக்கு முறையிடப் போனோம், விடாமல் முயற்சி செய்யுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள், யோசித்துப் பார்த்துவிட்டு அவர்கள் மேல் போர் அறிவித்தோம் என்று அவர் நிதானமாகச் சொல்லும் இடத்தில் நாம் சிரிக்கிறோம். சிரித்து முடித்ததும் நெஞ்சில் ஏதோ அடைக்கிறது.

அவராக நடித்த சீஃப் டான் ஜார்ஜ் கனடாவின் ஸ்லேல்-வாட்டூத் இனத்தின் தலைவராக இருந்தவர், 1899ல் பிறந்தவர். வெள்ளைக்காரர்களுக்கு மை பூசி இந்தியர்களாக நிறுத்திய ஹாலிவுட்டில் இந்தப் படம் உண்மையான பழங்குடி நடிகர்களைக் கொண்டுவந்தது. நாவஹோ இனத்தைச் சேர்ந்த ஜெரால்டின் கீம்ஸ், மஸ்கோகி இனத்தைச் சேர்ந்த வில் சாம்ப்சன் இருவரும் இதில் இருக்கிறார்கள். டான் ஜார்ஜின் முகத்தில் ஓடும் அந்த அமைதியான குறும்பு இல்லாவிட்டால் படம் இவ்வளவு தாங்கியிருக்காது.

அப்புறம் ஒவ்வொருவராக வந்து ஒட்டிக்கொள்கிறார்கள். லிட்டில் மூன்லைட் என்ற இந்தியப் பெண். ஒரு சிவப்பு நாய். கொள்ளையர்களிடமிருந்து மீட்கப்பட்ட சாரா பாட்டியும் அவருடைய பேத்தி லாரா லீயும். பாட்டி கேன்சஸ்காரர். அவருடைய மகன் எல்லைச் சண்டையில் மிசௌரிக்காரர்கள் கையால் இறந்தவர். மிசௌரிக்காரன் என்றாலே கொலைகாரன் என்று பேசுகிறவர். அந்த இறந்த மகன் டெக்சாஸில் விட்டுப்போன பண்ணைக்குத்தான் இவர்கள் எல்லாரும் போகிறார்கள். அதாவது, எதிர்ப்பக்கத்தில் நின்றவனின் வீட்டுக் கூரைக்குக் கீழே ஜோசி படுத்துத் தூங்கப் போகிறான். படம் இதை அழுத்திச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. பாட்டி ஒரு நாள் எல்லார் முன்னாலும் உரக்கப் பிரார்த்தனை செய்கிறார்: சாத்தான் பக்கம் இருந்த இந்தக் கொலைகார மிசௌரிக்காரனை எங்களைக் காக்கிற நல்லவனாக மாற்றியதற்கு நன்றி என்று. ஜோசி தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்கிறான். ஒரு கேன்சஸ் பாட்டி மிசௌரி கெரில்லாவுக்காகக் கடவுளிடம் பேசும் அந்த நிமிடத்தை நான் படத்தின் பெரிய துப்பாக்கிச் சண்டைகளுக்கு மேலே வைப்பேன்.

பண்ணைக்கு வந்ததும் கோமாஞ்சி என்ற பழங்குடியினரோடு சிக்கல். அவர்களின் தலைவர் டென் பியர்ஸை ஜோசி தனியாகப் போய்ச் சந்திக்கிறான். என் துப்பாக்கியிலும் உன் துப்பாக்கியிலும் மரணம் இருக்கிறது, என் வார்த்தையில் வாழ்வும் இருக்கிறது, தேர்ந்தெடு என்கிற தொனியில் பேசுகிறான். அரசாங்கங்கள் சேர்ந்து வாழாது, மனிதர்கள் வாழலாம் என்கிறான். உள்ளங்கையைக் கீறி இரத்த உறவு கொள்கிறார்கள்.

டென் பியர்ஸ் நிஜத்தில் வாழ்ந்த தலைவர். 1867 அக்டோபரில் மெடிசின் லாட்ஜ் ஒப்பந்தப் பேச்சில் அவர் பேசியது பதிவாகியிருக்கிறது. காற்று தடையில்லாமல் வீசும், சூரிய வெளிச்சத்தை மறைக்க எதுவும் இல்லாத வெட்டவெளியில் பிறந்தவன் நான், என்னை ஏன் சுவர்களுக்குள் அடைக்கப் பார்க்கிறீர்கள் என்று கேட்டார். புல் செழித்த, மரம் அடர்ந்த நல்ல இடங்களை டெக்சாஸ்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்றார். ஒப்பந்தத்தில் கையெழுத்தானது. 1872ல் அவர் இறந்தார். அதற்கு மூன்று வருடம் கழித்து, 1875ல், கடைசி கோமாஞ்சிக் கூட்டங்களும் ஒதுக்கிடத்துக்குள் போயின. படத்தில் இரண்டு மனிதர்களின் வார்த்தை நிற்கிறது. வரலாற்றில் ஒரு அரசின் கையெழுத்து நிற்கவில்லை. இந்த வித்தியாசம் தெரிந்து பார்க்கும்போது அந்தக் காட்சி இனிமையாக இருப்பதில்லை, துயரமாக இருக்கிறது.

இப்போது படம் சொல்லாமல் விட்டதைச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லாமல் படத்தைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. இந்த எல்லையில் நடந்த எல்லாவற்றுக்கும் அடியில் இருந்தது அடிமைமுறை. 1860 கணக்கெடுப்பின்படி மிசௌரியில் ஏறக்குறைய 1,15,000 அடிமைகள் இருந்தார்கள். படத்தில் அடிமைமுறை ஒரு கேள்வியாக எழுவதே இல்லை. லாரன்ஸில் வீட்டு வாசலில் கொல்லப்பட்ட ஆண்கள் இல்லை. 1864 செப்டம்பரில் சென்ட்ரேலியாவில் ஆண்டர்சனின் ஆட்கள் ரயிலிலிருந்து இறக்கிச் சுட்ட, 20க்கும் மேற்பட்ட ஆயுதமில்லாத ஒன்றியச் சிப்பாய்கள் இல்லை. தெற்கின் ஆட்கள் பாதிக்கப்பட்டவர்களாகவும் வடக்கின் ஆட்கள் கொடியவர்களாகவும் மட்டுமே வருகிறார்கள். ஒரு எளிய விவசாயியின் துக்கத்துக்குள்ளே இந்தப் பெரிய அநியாயம் மறைந்துவிடுகிறது. துக்கம் பொய்யில்லை, எல்லைப்புறத்தில் அப்படி வீடிழந்த ஏழைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆனால் யாருடைய துக்கத்தைக் காட்டுகிறோம் என்பதும் ஒரு பக்கம் சாய்வதுதான்.

இந்தச் சாய்வு எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் இன்னும் கலக்கமாக இருக்கும். படத்தின் மூலம் ஃபாரஸ்ட் கார்ட்டர் என்ற பெயரில் வந்த நாவல். தன்னைச் செரோக்கி வம்சத்து எழுத்தாளர் என்று சொல்லிக்கொண்ட அந்த மனிதரின் நிஜப் பெயர் ஆசா கார்ட்டர், 1925ல் அலபாமாவில் பிறந்தவர். 1950களில் கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் கூட்டம் ஒன்றை நடத்தியவர். 1956ல் பர்மிங்ஹாம் மேடையில் பாடிக்கொண்டிருந்த கறுப்பினப் பாடகர் நாட் கிங் கோலைத் தாக்கியது அவருடைய அமைப்பின் ஆட்கள். 1963ல் அலபாமா ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் பதவியேற்றபோது இனப் பிரிவினை இன்றும் நாளையும் என்றென்றும் என்று முழங்கினாரே, அந்தப் பேச்சை எழுதியதில் முக்கியமானவர். 1970ல் தானே ஆளுநர் தேர்தலில் நின்று தோற்றார். அப்புறம் டெக்சாஸுக்குப் போய்ப் பெயரை மாற்றிக்கொண்டார். ‘ஃபாரஸ்ட்’ என்பது கிளானின் தொடக்ககாலத் தலைவரான தென்படை ஜெனரலின் பெயர். படம் வந்த 1976லேயே ஒரு பத்திரிகையாளர் உண்மையை வெளியிட்டார். கேட்டபோது கார்ட்டர் மறுத்தார். 1979ல் இறந்தார். செரோக்கி அனாதைச் சிறுவனின் நினைவுகள் என்று அவர் எழுதிய இன்னொரு புத்தகம் 1991ல் பெரிய விற்பனை கண்டபோதுதான் விஷயம் பரவலாகத் தெரிய வந்தது.

அரசாங்கத்தை நம்பாதே, உன் ஆட்களை மட்டும் நம்பு என்ற குரல் படத்தில் அவரிடமிருந்து வந்ததுதான். ஆனால் அந்த ‘உன் ஆட்கள்’ யார் என்பதைப் படம் மாற்றிவிட்டது. செரோக்கிப் பெரியவர், அடிமையாக நடத்தப்பட்ட இந்தியப் பெண், எதிரி மாநிலத்துப் பாட்டி என்று அது விரிந்துகொண்டே போகிறது. நாவலிலும் இவர்கள் உண்டு. திரையில் டான் ஜார்ஜும் கீம்ஸும் அவர்களுக்கு உயிர் கொடுத்த பிறகு அந்தப் பாத்திரங்கள் எழுதியவரின் கையை விட்டுப் போய்விட்டன.

திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான ஃபிலிப் காஃப்மன்தான் முதலில் இயக்குநர். 1975 அக்டோபரில் படப்பிடிப்பு தொடங்கிச் சில வாரங்களுக்குள் ஈஸ்ட்வுட் அவரை நீக்கிவிட்டுத் தானே இயக்கினார். இயக்குநர்கள் சங்கம் கோபப்பட்டு, ஒரு படத்தில் வேலை செய்துகொண்டிருக்கும் யாரும் அதன் இயக்குநரை அகற்றி அந்த இடத்தில் உட்காரக் கூடாது என்று விதி போட்டது. இன்றும் அதற்கு ஈஸ்ட்வுட் பெயர்தான். புரூஸ் சர்ட்டீஸின் ஒளிப்பதிவில் முகங்கள் பாதி இருட்டில் கிடக்கும். ஜெர்ரி ஃபீல்டிங்கின் இசை ஆஸ்கருக்குப் பரிந்துரையானது. படம் வந்தபோது வியட்நாம் போரில் சைகோன் விழுந்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நாடு தன் 200ஆவது ஆண்டைக் கொண்டாடிக்கொண்டிருந்தது. வியட்நாமிலிருந்து திரும்பிய ஆட்கள் கொண்டாட்டங்களுக்கு நடுவே பேச்சில்லாமல் நடந்துகொண்டிருந்தார்கள். 1865ஐப் பற்றிய இந்தப் படம் அவர்களுக்கு எப்படிப் பட்டிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை.

சரி, முடிவுக்கு வருவோம். டெரிலின் கூட்டம் பண்ணைக்கு வந்து சேர்கிறது. முற்றத்தில் ஜோசி தனியாக நிற்பதாகத்தான் டெரில் நினைக்கிறான். வீட்டுச் சுவரில் வெட்டியிருந்த சிலுவை வடிவ ஓட்டைகளிலிருந்து துப்பாக்கிகள் நீள்கின்றன. பாட்டி, பேத்தி, லோன் வேட்டி, எல்லாரும். கூட்டம் சிதறுகிறது, டெரில் ஓடுகிறான், காயத்தோடு ஜோசி பின்னால் போய் ஒரு கட்டடத்துக்குள் அவனை மடக்குகிறான். துப்பாக்கியை நீட்டி விசையை இழுக்கிறான். காலி. கிளிக் என்ற சத்தம் மட்டும். மறுபடி, மறுபடி. ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கிறான், அதுவும் காலி. ஒவ்வொரு கிளிக்குக்கும் டெரில் பின்வாங்குகிறான். எல்லாம் காலி என்று ஜோசிக்குத் தெரியும் என்றே எனக்குப் படுகிறது. நான்கு வருடப் போரை அந்த வெற்றுச் சத்தங்களாகத் திருப்பிக் கொடுக்கிறான். கடைசியில் டெரில்தான் வாளை உருவுகிறான். முதல் காட்சியில் ஜோசியின் முகத்தைக் கிழித்த வாள். அந்தக் கையையே பிடித்துத் திருப்புகிறான் ஜோசி. வாள் அதன் சொந்தக்காரனுக்குள்ளேயே போகிறது. அவன் முகத்தில் வெற்றி என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

படம் அங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை. மதுக்கடைக்குள் ஜோசி நுழைகிறான். உள்ளே இரண்டு டெக்சாஸ் ரேஞ்சர்கள், கூடவே ஃபிளெட்சர். ஜோசி வேல்ஸ் மெக்சிகோவில் ஐந்து பேரால் சுடப்பட்டு இறந்ததைக் கண்ணால் பார்த்ததாக ஊர்க்காரர்கள் சொல்லிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறார்கள். உள்ளே வந்தவனை வில்சன் என்று அழைக்கிறார்கள். ரேஞ்சர்கள் தாளை மடித்து வைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். ஃபிளெட்சர் நிற்கிறான். அவனுக்குத் தெரியும். ஜோசிக்கும் தெரியும், இவனை நம்பித்தான் எல்லாரும் சரணடைந்தார்கள் என்று. ஜோசியின் காயத்திலிருந்து இரத்தம் சொட்டி அவன் பூட்ஸில் விழுகிறது. ஃபிளெட்சர் அதைப் பார்க்கிறான்.

மெக்சிகோவுக்குப் போய் அவனைத் தேடப் போகிறேன், முதலில் சுடும் வாய்ப்பை அவனுக்கே கொடுப்பேன், அது நான் பட்ட கடன் என்கிறான் ஃபிளெட்சர். போர் முடிந்துவிட்டது என்று அவனிடம் சொல்லிப் பார்க்கப் போகிறேன், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், மிஸ்டர் வில்சன் என்று கேட்கிறான்.

அப்படித்தான் தோன்றுகிறது என்கிறான் வில்சன். அந்தப் போரில் நாம் எல்லாருமே கொஞ்சம் செத்துத்தான் போனோம் என்கிறான். பிறகு குதிரையில் ஏறி வெளிச்சத்தை நோக்கிப் போகிறான். பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தானா என்று படம் காட்டுவதில்லை.